பேக்கப் இருக்கிறது, போதுமா? ரான்சம்வேர் குறித்த வாசகர் கேள்விகள்

ஃபைல்களைத் திறக்க முடியாதபடி பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், தரவுத் திருட்டு ஆகியவை பற்றிச் சிறிய, நடுத்தர நிறுவனங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் எங்கள் தொழில்நுட்பக் குழு பதில் தருகிறது.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 12 கம்ப்யூட்டர்கள், ஒரு சர்வர். சர்வரில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றை எப்போதும் செருகியே வைத்திருக்கிறோம். தினமும் இரவு 11 மணிக்கு பேக்கப் தானாக ஓடுகிறது. தாக்குதல் வந்தால் இதை வைத்து மீண்டுவிட முடியுமா?

முடியாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். அந்த டிஸ்க் சர்வரில் ஒரு டிரைவாகத் தெரிகிறது என்றால், சர்வருக்குள் நுழைந்தவருக்கும் அப்படியே தெரியும். உள்ளே வந்த கும்பல் எடுத்த எடுப்பில் ஃபைல்களைப் பூட்டுவதில்லை. முதலில் அட்மின் பாஸ்வேர்டைத் தேடும். கிடைத்ததும் பேக்கப் எங்கே போகிறது என்று பார்க்கும். விலைபோகும் தரவை வெளியே அனுப்பும். பிறகு பேக்கப்பை அழித்து, விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் ஷேடோ காப்பிகளையும் ஒரே கட்டளையில் நீக்கும். பூட்டும் வேலை கடைசியில்தான், அதுவும் பெரும்பாலும் இரவிலோ வார இறுதியிலோ. நுழைந்ததற்கும் பூட்டியதற்கும் நடுவே சில நாட்களும் ஆகலாம், பல வாரங்களும் ஆகலாம்.

உங்கள் ஏற்பாட்டைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: எங்கள் அட்மின் பாஸ்வேர்டு திருடர் கையில் இருந்தாலும் அவரால் அழிக்க முடியாத நகல் ஒன்றாவது இருக்கிறதா?

இதற்கு எளிய வழி, ஒரு டிஸ்க்குக்குப் பதில் மூன்று. ஒரு நேரத்தில் ஒன்றுதான் சர்வரில் இருக்க வேண்டும். காலையில் பேக்கப் முடிந்ததைப் பார்த்த பிறகு அதைக் கழற்றி, அடுத்ததைச் செருகுங்கள். மூன்றில் ஒன்று எப்போதும் அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும். செருகியிருக்கும் நேரத்தில் தாக்குதல் வந்தால் அந்த ஒன்று போகும், மற்ற இரண்டும் தப்பும். வெளியே போகும் டிஸ்க் தொலைந்தால் அதுவே தரவுத் திருட்டு ஆகிவிடும் என்பதால் விண்டோஸின் பிட்லாக்கர் போன்ற ஒன்றால், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்துவிடுங்கள். அதன் ரெக்கவரி கீயை அதே சர்வரில் சேமிக்காமல் தாளில் அச்சிட்டுப் பூட்டி வையுங்கள். இந்த முறை தோற்பது பெரும்பாலும் மறதியால்தான். மாற்றும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லிக் கொடுத்து, அவர் விடுப்பில் போனால் யார் என்பதையும் எழுதி வையுங்கள்.

கையால் மாற்றுவது நடக்காது என்றால், நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டியான நாஸ் கருவி வாங்கலாம். அலுவலக லாகின்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டொமைனில் அதைச் சேர்க்க வேண்டாம். பாஸ்வேர்டு வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும். சர்வர் நாஸில் போய் எழுதுவதைவிட, நாஸ் வந்து சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைப்பது நல்லது. அப்போது நாஸின் பாஸ்வேர்டு சர்வரில் இருக்கவே தேவையில்லை. அந்தந்த நாளின் நிலையைப் பதிவு செய்யும் தினசரி ஸ்னாப்ஷாட்டை 30 நாட்களுக்கு வையுங்கள். நாஸின் நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. 2022-ல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், அப்படித் திறந்திருந்த க்யூநாப் நாஸ் கருவிகளைத்தான் நேரடியாகப் பூட்டியது.

கிளவுடில் வைப்பதானால் ஃபைலை அழிக்க விடாமல் தடுக்கும் ஆப்ஜெக்ட் லாக் வசதி உள்ள சேமிப்பகம் பாருங்கள். அதில் கவர்னன்ஸ், கம்ப்ளையன்ஸ் என்று இரண்டு நிலைகள் உண்டு. முதலாவதை உயர் அதிகாரம் உள்ள கணக்கால் விலக்கிவிடலாம். இரண்டாவதில் குறித்த காலம் முடியும்வரை யாராலும் அழிக்க முடியாது, உங்களாலும் முடியாது. எடுத்த எடுப்பில் 90 நாட்கள் என்று பூட்டிவிட்டால் சேமிப்புச் செலவு எகிறும்போது கையைப் பிசைய வேண்டியதுதான். 14 நாட்களில் தொடங்கி, அளவைப் பார்த்து 30-க்கு உயர்த்துங்கள்.

கும்பல் பல வாரங்கள் உள்ளே இருந்திருக்கலாம் என்பதால் ஏழு நாள் பேக்கப் போதாது. 30 தினசரி நகல்களும் 12 மாதாந்திர நகல்களும் நல்ல இலக்கு.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நெட்வொர்க்கில் சேராத தனிக் கம்ப்யூட்டரில் மீட்டு, கணக்கு மென்பொருளைத் திறந்து, முந்தைய நாளின் கடைசிப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு அடி விழுவது இங்கேதான்: ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ஃபைலை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் நகலாகும், மீட்கும்போது திறக்காது. டேட்டாபேஸின் சொந்த பேக்கப் வசதியால் எடுத்த ஃபைலைத்தான் நகலெடுக்க வேண்டும்.

மீட்க ஆகும் நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். 4 டெராபைட் தரவு, அலுவலகத்துக்குள் நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் வர சுமார் 11 மணி நேரம். அதையே 100 எம்பிபிஎஸ் இணைய இணைப்பில் கிளவுடிலிருந்து இறக்கினால் ஏறக்குறைய நான்கு நாட்கள். அத்தனை நாள் தொழிலை நிறுத்த முடியாது என்றால் உள்ளூரிலும் ஒரு நகல் வேண்டும்.

கேள்வி: எங்கள் ஃபைல்கள் எல்லாம் கிளவுட் டிரைவில் சிங்க் ஆகின்றன. தனியாக பேக்கப் வேண்டுமா?

வேண்டும். இங்கே மாறியதை அங்கேயும் மாற்றுவதுதான் சிங்க்கின் வேலை. பூட்டப்பட்ட ஃபைலும் அப்படியே மேலே போய் நல்ல ஃபைலின் இடத்தில் உட்கார்ந்துவிடும். பழைய பதிப்புகளை மீட்கும் வசதி பல சேவைகளில் உண்டு. ஒன்டிரைவை 30 நாட்களுக்குள் ஏதாவது ஒரு நேரத்துக்கு மொத்தமாகத் திருப்பலாம். அதை எப்படிச் செய்வது என்று இன்றே பழகிக்கொள்ளுங்கள். ஆனால் நிர்வாகக் கணக்கே பறிபோனால் அந்தப் பதிப்புகளும் போகும். கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கிளவுட் கணக்கில் 2014 ஜூனில் ஒருவர் நுழைந்தார். தரவும் பேக்கப்பும் அதே கணக்கில் இருந்ததால் இரண்டையும் சில மணி நேரத்தில் அழித்துவிட்டார். அந்த நிறுவனம் தொழிலையே மூட வேண்டியதாயிற்று. பேக்கப் வேறு கணக்கில், வேறு லாகினில் இருக்க வேண்டும்.

கேள்வி: எல்லாக் கம்ப்யூட்டரிலும் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருக்கிறது. அப்புறமும் எப்படி உள்ளே வருகிறார்கள்?

பெரும்பாலும் சரியான பாஸ்வேர்டோடுதான் வருகிறார்கள், அதனால் ஆன்டிவைரஸ் கத்துவதில்லை. 2021 மே மாதம் தாக்கப்பட்ட அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் நுழைந்தது, வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் இணைய உதவும் விபிஎன்னின் பழைய கணக்கு ஒன்றின் வழியாக. பாஸ்வேர்டு மட்டும் இருந்தது, ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. 2024 பிப்ரவரியில் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்திலும் அதே கதை: தொலைவிலிருந்து நுழையும் சிட்ரிக்ஸ் தளத்தில் இரட்டைச் சரிபார்ப்பு இல்லை.

முதல் வேலையாக ரூட்டரில், வெளியிலிருந்து வரும் இணைப்புகளை உள்ளே விடும் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 3389 இருந்தால் அது தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப், உடனே நீக்குங்கள். எண்ணை 33890 என்று மாற்றி வைப்பதால் பயனில்லை, எல்லா போர்ட்டையும் தட்டிப் பார்க்கும் ஸ்கேனர்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. வெளியிலிருந்து வேலை செய்ய வேண்டுமென்றால் இரட்டைச் சரிபார்ப்புள்ள விபிஎன் வழியாக மட்டும். விபிஎன் கணக்குப் பட்டியலை எடுத்து, வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளையும் பல வாரமாக யாரும் தொடாத கணக்குகளையும் மூடுங்கள்.

அடுத்தது, இணையத்தைப் பார்த்து நிற்கும் கருவிகளின் ஓட்டைகள்: ஃபயர்வால், விபிஎன், மெயில் சர்வர். இவற்றின் அப்டேட்டை மாதக் கடைசிக்குத் தள்ளக் கூடாது. தயாரிப்பாளரின் பாதுகாப்பு அறிவிப்புகள் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும்படி பதிவு செய்யுங்கள். 2017 மே 12 அன்று உலகைத் தாக்கிய வானாக்ரை என்ற ரான்சம்வேர் பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே அப்டேட் கொடுத்திருந்தது. அந்த இரண்டு மாதத்தில் அதைப் போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

மூன்றாவது, ஊழியரின் கம்ப்யூட்டர். கிராக் செய்த மென்பொருளிலும் போலி அப்டேட் பக்கங்களிலும் வரும் இன்ஃபோஸ்டீலர் என்ற வகை வைரஸ், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும். அலுவலக பிரவுசர் கணக்கை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் சிங்க் செய்திருந்தால், வீட்டில் பிள்ளைகள் இறக்கும் கேம் வழியாகவும் அலுவலகப் பாஸ்வேர்டு போகும். பிரவுசரில் சேமிப்பதை நிறுத்திவிட்டு பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாறுங்கள்.

ஆன்டிவைரஸ் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அட்மின் அதிகாரம் கிடைத்ததும் முதலில் அதைத்தான் அணைப்பார்கள். அப்படி அணைக்க விடாத டேம்பர் ப்ரொடெக்‌ஷனை இயக்கி வைத்து, ஏதாவது கம்ப்யூட்டரில் பாதுகாப்பு அணைந்தால் உங்கள் ஃபோனுக்கு எச்சரிக்கை வரும்படி செய்யுங்கள்.

ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தவர் மற்றவற்றுக்குப் பரவாமல் தடுக்க இரண்டு வேலைகள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு இருந்தால் ஒன்று போனால் எல்லாம் போகும். மைக்ரோசாஃப்டின் லாப்ஸ் வசதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டை வைத்துத் தானே மாற்றிக்கொண்டும் இருக்கும். இரண்டாவது, ஊழியர் கம்ப்யூட்டர்களுக்குள் வரும் 445 (ஃபைல் பகிர்வு), 3389 (ரிமோட் டெஸ்க்டாப்) இணைப்புகளை விண்டோஸ் ஃபயர்வாலில் தடுத்துவிடுங்கள். சர்வரோடு பேச அவற்றுக்கு இது தேவையில்லை. ஒரே நாளில் எல்லோருக்கும் செய்ய வேண்டாம். யாரோ ஒருவர் தன் கம்ப்யூட்டரில் மாட்டிய பிரின்டரைப் பகிர்ந்திருப்பார், அது நின்றுபோகும். ஒரு பிரிவில் ஒரு வாரம் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

கேள்வி: இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தும் எங்கள் மேலாளரின் மின்னஞ்சல் கணக்கு பறிபோனது. எப்படி?

இரண்டு விதமாக நடக்கும். நள்ளிரவில் ஃபோனுக்கு ‘அனுமதிக்கவா?’ என்று திரும்பத் திரும்ப வந்து, சலித்துப்போய் ஒருமுறை ‘சரி’ என்று தட்டியிருக்கலாம். திரையில் தெரியும் எண்ணை ஃபோனில் உள்ளிடும் முறைக்கு மாறினால் இது பெரும்பாலும் அடங்கும். மற்றது, அசல் போலவே இருக்கும் போலி லாகின் பக்கம். அது நடுவில் நின்று பாஸ்வேர்டையும் ஓடிபியையும் அசல் தளத்துக்குக் கடத்தி, அங்கிருந்து திரும்பி வரும், லாகின் ஆனதற்கு அடையாளமான செஷன் குக்கியைப் பிடித்துக்கொள்ளும். குக்கி கையில் இருக்கும்வரை பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

இதைத் தடுப்பவை, பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஃபோனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் பாஸ்கீயும் யுஎஸ்பி செக்யூரிட்டி கீயும். அவை தளத்தின் உண்மையான முகவரியோடு பிணைந்தவை, போலி முகவரியில் வேலை செய்யாது. எல்லோருக்கும் வாங்க முடியாவிட்டால் அட்மின்கள், கணக்குப் பிரிவு, உரிமையாளர் ஆகியோருக்கு முதலில் வாங்குங்கள். ஒன்று தொலைந்தால் கைகொடுக்க ஆளுக்கு இரண்டு.

பறிபோன கணக்கில் பாஸ்வேர்டை மாற்றியதும் வேலை முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். எல்லா செஷன்களையும் ரத்து செய்யுங்கள். மின்னஞ்சலைத் தானாக வெளியே அனுப்பும் ஃபார்வர்டிங் விதி ஏதாவது சேர்ந்திருக்கிறதா, புதிய ஃபோன் சரிபார்ப்புக் கருவியாகப் பதிவாகியிருக்கிறதா, தெரியாத செயலிக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். விட்டால் அதே வழியாக மறுபடியும் வருவார்கள்.

கேள்வி: காலையில் வந்து பார்க்கிறோம், ஃபைல் பெயர்கள் எல்லாம் மாறியிருக்கின்றன, பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்க நேரமாகும் என்றால் ஸ்விட்சின் மின்சாரத்தையே நிறுத்துங்கள், வைஃபையையும் அணையுங்கள். அதே மூச்சில் பேக்கப் டிஸ்க்கையும் நாஸையும் கழற்றுங்கள். பேக்கப் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதைப் பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரில் செருகிவிடாதீர்கள். பதற்றத்தில் பலர் செய்வது இதுதான், கடைசி நல்ல நகலும் அதில் போய்விடுகிறது.

கம்ப்யூட்டர்களை அணைக்க வேண்டாம், இயங்கட்டும். மெமரியில் தடயமும், சில வகைகளில் திறவுகோலும்கூட இருக்கக்கூடும். வானாக்ரையிலேயே, ரீஸ்டார்ட் செய்யாத சில பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் மெமரியிலிருந்து திறவுகோலை மீட்க முடிந்தது. விதிவிலக்கு ஒன்று: கேபிளைப் பிடுங்கிய பிறகும் கண்ணெதிரே ஃபைல்கள் மாறிக்கொண்டே இருந்தால் அந்த ஒன்றை மட்டும் மின்சாரத்தைத் துண்டித்து நிறுத்துங்கள்.

பாதிக்கப்பட்ட எந்தக் கம்ப்யூட்டரிலும் டொமைன் அட்மினாக லாகின் செய்யாதீர்கள். அந்தப் பாஸ்வேர்டுக்காகவே அவர்கள் காத்திருக்கலாம். நிறுவன மின்னஞ்சலிலும் சாட்டிலும் இதைப் பற்றிப் பேச வேண்டாம், அவர்கள் படித்துக்கொண்டிருக்கக்கூடும். ஃபோனில் பேசுங்கள். ஐடி ஆதரவு, காப்பீடு, வழக்கறிஞர், காவல்துறை சைபர் பிரிவு ஆகியோரின் எண்கள் தாளில் அச்சடித்து இருக்க வேண்டும். சர்வரில் இருந்தால் அன்றைக்குத் திறக்காது.

குறிப்பைப் படம் எடுங்கள். அதையும் பூட்டிய ஃபைல்கள் இரண்டையும் புதிய யுஎஸ்பியில் எடுத்து வையுங்கள். யூரோபோல் உள்ளிட்ட அமைப்புகள் 2016-ல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் அவற்றைப் பாதிக்கப்படாத வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து கொடுத்தால் எந்த வகை என்று தெரியும். சில வகைகளுக்கு இலவசத் திறப்பு மென்பொருளும் கிடைக்கும். இன்று கிடைக்காதது பின்னால் கிடைக்கலாம், பூட்டிய ஃபைல்களை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: பணம் கொடுத்துவிட்டால் தொல்லை தீருமா?

தீராது. கலோனியல் பைப்லைன் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்தது. கிடைத்த திறப்பு மென்பொருள் மிக மெதுவாக ஓடியதால் சொந்த பேக்கப்பையும் நாட வேண்டியிருந்தது. சேஞ்ச் ஹெல்த்கேருக்காக 2 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. அதன்பிறகு இன்னொரு கும்பல் அதே தரவைக் காட்டி மறுபடியும் பணம் கேட்டது. 2024 பிப்ரவரியில் லாக்பிட் கும்பலின் சர்வர்களைக் காவல்துறைகள் கைப்பற்றியபோது, பணம் கொடுத்தவர்களின் தரவும் அழிக்கப்படாமல் அங்கே இருந்தது.

திருடிய தரவை அழித்துவிடுகிறோம் என்ற வாக்குறுதிக்கு ஒரு காசும் கொடுக்கக் கூடாது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. பேக்கப் அடியோடு இல்லாமல், தொழிலே நிற்கும் நிலையில் இருப்பவரின் வேதனை புரிகிறது. அப்போதும் வழக்கறிஞரிடம் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம். தடைப்பட்டியலில் உள்ள கும்பலுக்குப் பணம் கொடுப்பதே சில நாடுகளில் குற்றம்.

கேள்வி: ஃபைல்களைப் பூட்டாமல் தரவை மட்டும் திருடினால் எப்படித் தெரியும்?

தானாகத் தெரியாது, அதுதான் ஆபத்து. 2023-ல் க்ளாப் கும்பல் மூவ்இட் என்ற ஃபைல் பரிமாற்ற மென்பொருளின் ஓட்டை வழியாக ஏராளமான நிறுவனங்களின் தரவை எடுத்தது. ஒரு ஃபைலையும் பூட்டவில்லை.

ஃபயர்வாலில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு நாளில் வெளியே எவ்வளவு அனுப்புகிறது என்று இரண்டு வாரம் கவனித்தால் வழக்கமான அளவு புரியும். சர்வர் வழக்கமாக 2 ஜிபி அனுப்பும் இடத்தில் ஒரே இரவில் 80 ஜிபி போயிருந்தால் அலாரம் அடிக்க வேண்டும். அதைவிட நல்லது, சர்வர் இணையத்தில் எங்கெங்கே பேசலாம் என்று பட்டியலிட்டு மற்றதையெல்லாம் தடுப்பது. அப்டேட் சர்வர்கள், பேக்கப் சேவை, நேரச் சேவை, இவற்றைத் தவிர பெரும்பாலான ஃபைல் சர்வர்களுக்கு வேறெதுவும் தேவைப்படாது. திருடும் கும்பல்கள் ஃபைல்களைக் கிளவுடுக்கு நகலெடுக்கும் ஆர்குளோன் போன்ற சாதாரண மென்பொருளைத்தான் பயன்படுத்துகின்றன, ஆன்டிவைரஸுக்கு அது வைரஸாகத் தெரியாது. உங்கள் சர்வரில் நீங்கள் நிறுவாத அந்தப் பெயர் தென்பட்டால் உடனே விசாரியுங்கள். விண்டோஸில் 1102 என்ற எண்ணுள்ள பதிவு, பாதுகாப்பு லாக் அழிக்கப்பட்டதைக் காட்டும். அதற்கும் எச்சரிக்கை வையுங்கள்.

டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருப்பது இந்தத் திருட்டைத் தடுக்காது. லாகின் செய்தவருக்கு ஃபைல்கள் திறந்தே தெரியும். உங்களிடம் இல்லாததை யாரும் திருட முடியாது என்பதால், வேலை முடிந்த அடையாள அட்டை நகல்கள், சட்டம் கேட்கும் காலம் தாண்டிய வாடிக்கையாளர் பட்டியல்கள், யாரோ ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று சேமித்த எக்செல் ஃபைல்கள் ஆகியவற்றை ஆண்டுக்கு இருமுறை தேடி அழியுங்கள். இதற்கு எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: மீட்கும்போது எதை முதலில் மீட்பது?

லாகினைக் கையாளும் சர்வர் முதலில், அதாவது டொமைன் கன்ட்ரோலர். அது இல்லாமல் மற்றவை எழுந்தாலும் யாரும் உள்ளே போக முடியாது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற அழிப்பு வைரஸ் தாக்கியபோது மர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்கள் எல்லாம் அழிந்தன. கானாவில் மின்வெட்டால் அணைந்திருந்த ஒன்று மட்டும் தப்பியது. அதிலிருந்துதான் மீட்பு தொடங்கியது. 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் 10 நாளில் புதிதாக நிறுவினார்கள். உங்கள் நிறுவனம் மின்வெட்டை நம்பியிருக்க முடியாது, டொமைன் கன்ட்ரோலரின் நகலும் கழற்றி வைத்த டிஸ்க்கில் இருக்கட்டும்.

பழைய நெட்வொர்க்கிலேயே மீட்காதீர்கள். தனியாக ஒரு சுத்தமான நெட்வொர்க் அமைத்து, அதில் விண்டோஸைப் புதிதாக நிறுவி, தரவை மட்டும் பேக்கப்பிலிருந்து கொண்டுவாருங்கள். டொமைனில் லாகின் டிக்கெட்டுகளுக்கு முத்திரையிடும் கேஆர்பிடிஜிடி என்ற கணக்கின் பாஸ்வேர்டை இருமுறை மாற்ற வேண்டும், நடுவே 10 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு. ஒருமுறை மட்டும் மாற்றினால் திருடியவர் கையில் உள்ள போலி டிக்கெட் தொடர்ந்து செல்லும். அடுத்து கணக்கு மென்பொருள், பிறகு மின்னஞ்சல், கடைசியாகப் பழைய ஆவணங்கள். ஃபயர்வால், ஸ்விட்ச் அமைப்புகளின் நகலும் மென்பொருள் லைசென்ஸ் எண்களும் இல்லாமல் இந்த நிலையில் திண்டாடுபவர்கள் அதிகம். அவற்றையும் பேக்கப் பட்டியலில் சேருங்கள்.

கேள்வி: எங்கள் ஐடி வேலையை வெளி நிறுவனம் பார்க்கிறது. அவர்கள் பாதுகாப்பாக இருந்தால் நாங்களும் பாதுகாப்புதானே?

அவர்கள் பறிபோனால் நீங்களும் பறிபோவீர்கள். 2021 ஜூலையில் கசேயா என்ற நிர்வாக மென்பொருள் வழியாக, அதைப் பயன்படுத்திய ஐடி நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கே ரான்சம்வேர் போனது. அவர்களுடைய ரிமோட் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு இருக்கிறதா, அவர்களில் எத்தனை பேர் ஒரே லாகினைப் பகிர்கிறார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அழிக்க முடியாத அந்த ஒரு நகலின் சாவி மட்டும் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் உற்பத்தி இயந்திரம் ஒன்று விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். மாற்ற முடியாது. என்ன செய்யலாம்?

தனிமைப்படுத்துங்கள். அதைத் தனி விலானில், அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்த நெட்வொர்க் பகுதியில் வைத்து, இணையத்தை முற்றிலும் தடுத்து, அதனிடமிருந்து ஃபைல் வாங்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டரோடு மட்டும் பேச அனுமதியுங்கள். இதில் வழக்கமான சிக்கல், எக்ஸ்பிக்குப் ஃபைல் பகிர்வுக்கான பழைய எஸ்எம்பி 1 முறைதான் தெரியும் என்பதால் முக்கிய சர்வரிலேயே அதை இயக்கி விடுவது. வானாக்ரை பரவியது அந்த வழியில்தான். சர்வரில் அணைத்தே வைத்து, நடுவில் ஒரு சிறு கம்ப்யூட்டரை நிறுத்துங்கள். இயந்திரம் அதில் எழுதட்டும், சர்வர் அதிலிருந்து புதிய முறையில் எடுத்துக்கொள்ளட்டும்.

இயந்திரத்தைப் பழுதுபார்க்க வருபவரின் லேப்டாப்பும் யுஎஸ்பியும் ஸ்கேன் ஆகாமல் இணையக் கூடாது. 2018 ஆகஸ்டில் சிப் தயாரிக்கும் டிஎஸ்எம்சி ஆலைகளில் வானாக்ரையின் ஒரு வகை பரவியது, புதிய கருவி ஒன்றை ஸ்கேன் செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்ததால்.

இயந்திரத்தின் டிஸ்க்கை முழு இமேஜாக எடுத்து, அதே வகை வேறு டிஸ்க்கில் இறக்கி, இயந்திரம் அதிலிருந்து பூட் ஆகிறதா என்று ஒரு விடுமுறை நாளில் பாருங்கள். பழைய ஐடிஇ டிஸ்க்குகள் கிடைப்பது அரிதாகிவருகிறது, இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பில் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இமேஜைப் புதிதாக எடுக்க வேண்டும்.